பழைய லொறியில் ஏர்த் கோளாறும் கனெக்டர் பழுதும்: மீற்றரை எங்கே வைப்பது, எதைக் கழற்றுவது

முல்லைத்தீவில் மீன் ஏற்றிக்கொண்டு ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளம் வரும் பழைய லொறி ஒன்றைச் சில வருடங்கள் ஓட்டினேன். அந்தப் பாதையில் இரவில் கட்டாக்காலி மாடுகள் தார்ச்சூட்டுக்காக நடு றோட்டில் படுத்திருக்கும். லைற் மங்கினால் மாடு தெரியாது, பின்னால் வருபவனுக்கு நாங்களும் தெரியமாட்டோம். என் லொறியில் பிரேக்கை மிதித்தால் இடப்பக்கச் சிக்னல் மங்கலாக எரியும். சிக்னல் போட்டால் பின் லைற் சேர்ந்து துடிக்கும். பல்ப் மூன்று தடவை மாற்றினேன், பிளாஷர் மாற்றினேன், சுவிட்சையும் மாற்றினேன்.

கடைசியில் பரந்தனில் வயதான எலெக்ட்ரீசியன் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பல்பைத் தொடவே இல்லை. "தம்பி, கரண்ட் போற வழியை மட்டும் பாத்திருக்கிறீர். திரும்பி வாற வழியைப் பாத்தனீரோ?" என்று கேட்டுக்கொண்டே பின் லைற்றின் கறுப்பு வயரை விரலால் சுண்டினார். வயர் கையோடு வந்துவிட்டது.

அன்றைக்குப் பிறகு நானே செய்து பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரிய கருவிகள் தேவையில்லை. ஆனால் அளக்காமல் எதையும் வாங்கக்கூடாது.

திரும்பி வரும் வழி

வீட்டில் ஏர்த் என்பது பாதுகாப்புக்கு. லொறியில் அப்படியில்லை. பற்றரியின் பிளஸிலிருந்து ஒவ்வொரு லைற்றுக்கும் ஹோர்னுக்கும் ஸ்டார்ட்டருக்கும் தனித்தனி வயர் போகிறது. திரும்பி வருவதற்கோ எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சேசி இரும்பும் (லொறியின் அடிச்சட்டம்) எஞ்சினும் கபின் தகடும்தான் வழி. மின்சுற்றில் பாதி அந்த இரும்பு.

பழைய லொறியில் அந்த இரும்பு எப்படி இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. கபினும் ரப்பர் மேல். ரப்பரில் கரண்ட் போகாது. எனவே எஞ்சினையும் சேசியையும் இணைக்கும் பின்னல் பட்டியோ தடித்த கேபிளோ அறுந்தால், எஞ்சின் தனித்தீவாகிவிடும். பின்பக்கம் இன்னும் மோசம். எங்கள் லொறிகள் பலவற்றின் பொடி, அதாவது சுமை ஏற்றும் பெட்டி, பலகையில் செய்தது. பலகையில் போல்ற் அடித்துப் பூட்டிய பின் லைற்றுக்குத் தானாக ஏர்த் கிடைக்காது. ஒரேயொரு மெல்லிய வயரை நம்பித்தான் அது எரிகிறது. அதன்மேல் மீன் பெட்டியின் ஐஸ் தண்ணீர் உப்போடு சொட்டினால் அந்த வயர் எத்தனை நாளைக்கு நிற்கும்?

இனிப் பிரேக்கை மிதித்தால் சிக்னல் ஏன் எரிகிறது என்பது. பின் லைற் கூட்டுக்குள் பிரேக், பார்க், சிக்னல் பல்புகள் எல்லாம் ஒரே ஏர்த்தைப் பங்குபோடுகின்றன. அது அறுந்ததும் பிரேக் பல்புக்குள் வந்த கரண்ட் வெளியேற வழியின்றிச் சிக்னல் பல்பு வழியாகத் தலைகீழாக ஏறி, சிக்னல் வயரில் ஓடி, முன்பக்கச் சிக்னல் பல்பைப் பிடித்து அங்கே ஏர்த் ஆகிறது. வாய்க்கால் அடைத்தால் தண்ணீர் பக்கத்து வயலின் வரம்பை வெட்டிக்கொண்டு போவது போலத்தான். இரண்டு மூன்று பல்புகளைத் தாண்டிப் போவதால் எல்லாமே மங்கலாக எரிகின்றன. ஒன்றைப் போட்டால் இன்னொன்று எரிகிறது என்றால், பத்தில் ஒன்பது தடவை அது ஏர்த்.

ஸ்டார்ட்டரிலும் இதே கதைதான், ஆனால் அங்கே ஆபத்து. எஞ்சின் ஏர்த் போய்விட்டால் ஸ்டார்ட்டரின் கரண்ட் அக்சிலரேற்றர் கேபிள் வழியாகச் சேசிக்குப் போகப் பார்க்கும். ஒருமுறை விறைத்துப்போன அக்சிலரேற்றர் கேபிளில் கைவைத்தேன், சுட்டது. ஏர்த்தைப் பார்க்காமல் கேபிளுக்கு எண்ணெய் மட்டும் விட்டுக்கொண்டிருந்தால் கேபிளும் எரிந்திருக்கும்.

கையில் வைத்திருக்க வேண்டியவை

ஒரு சாதாரண டிஜிற்றல் மல்டிமீற்றர், இரண்டு முனையிலும் முதலைக் கிளிப் பூட்டிய ஆறேழு மீற்றர் நீள வயர், கம்பி பிரஷ், எமரித்தாள், ஸ்பானர், வயர் முனையை நெரிக்கும் நல்ல கிரிம்ப் குறடு, பல அளவு லக்குகள் (கேபிள் முனையில் நெரித்துப் போல்ற்றில் பூட்டும் துளையுள்ள உலோக முனைகள்), பல்லுள்ள வாசர்கள், உள்ளே பசை தடவிய சூட்டில் சுருங்கும் குழாய், எலெக்ட்ரிக்கல் கொன்ராக்ற் கிளீனர், ஒரு டப்பா வாசலின். கிரிம்ப் குறட்டை மட்டும் மலிவாக வாங்காதீர்கள். சாதாரணக் குறட்டால் நசுக்கிய லக் ஆறு மாதத்தில் கழன்றுவிடும்.

கனெக்டர் என்பது வயர்களைச் செருகி இணைக்கும் பிளாஸ்ரிக் கூடு, பின் என்பது அதற்குள் வயர் முனையில் இருக்கும் உலோகத் துண்டு. கனெக்டரிலிருந்து பின்னைக் கழற்றத் தனிக் கருவி விற்கிறார்கள். பழைய சைக்கிள் கம்பி ஒன்றின் நுனியைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, அரத்தால் தீட்டினாலும் அதே வேலை நடக்கும். நான் இன்னும் அதைத்தான் பாவிக்கிறேன்.

தொடுவதற்கு முன்

உங்கள் லொறி 12 வோல்றா, 24 வோல்றா என்று பாருங்கள். ஜப்பான் லொறிகள் பலவற்றில் இரண்டு 12 வோல்ற் பற்றரிகளைத் தொடராக இணைத்து 24 ஆக்கியிருப்பார்கள். பல்ப், ரிலே, பிளாஷர் எல்லாம் அதற்கேற்பத்தான் வாங்கவேண்டும்.

எதையாவது கழற்றுவதென்றால் சேசிக்குப் போகும் மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள், கடைசியில் பூட்டுங்கள். பிளஸைக் கழற்றும்போது ஸ்பானர் சேசி இரும்பில் பட்டால், மைனஸ் பூட்டியிருந்தால் தீப்பொறி பறக்கும். பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வரும் என்பதால் அந்த இடத்தில் பீடி வேண்டாம். எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றிச் 'சார்ஜ் ஏறுதா' என்று பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஒல்ரனேற்றரைக் கொன்றுவிடும்.

முதலில் பற்றரியே நல்லதா என்று தெரியவேண்டும். இரவு முழுக்க நின்ற லொறியில், ஒன்றும் போடாமல் அளந்தால் நன்றாகச் சார்ஜ் உள்ள 12 வோல்ற் பற்றரி சுமார் 12.6 காட்டும். இரண்டு சேர்ந்தால் 25.2. எஞ்சின் ஓடும்போது 12 வோல்ற் லொறியில் 13.8 முதல் 14.4 வரையும், 24 வோல்ற் லொறியில் 27.6 முதல் 28.8 வரையும் இருக்கவேண்டும். 24 வோல்ற் லொறியில் இரண்டு பற்றரிகளையும் தனித்தனியே அளந்து பாருங்கள். பாட்டுப் பெட்டிக்கும் போன் சார்ஜருக்கும் ஒரு பற்றரியிலிருந்து மட்டும் 12 வோல்ற் இழுத்திருப்பார்கள். அப்போது ஒன்று எப்போதும் காய்ந்து கிடக்கும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகிக் கொதிக்கும். பற்றரி இரண்டும் சீக்கிரம் போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

பீப் சத்தத்தை நம்பாதீர்கள்

பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மீற்றரைப் பீப் அடிக்கும் இடத்தில் வைத்து, வயரின் இரு முனையையும் தொடுவார்கள். பீப் அடிக்கும். 'வயர் நல்லது' என்று முடிவு செய்துவிடுவார்கள். முப்பது இழையில் இருபத்தொன்பது அறுந்து ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீற்றர் பீப் அடிக்கும். அதற்குத் தேவை துளிக் கரண்ட்தான்.

ஒரு சின்னக் கணக்கு. கேபிள் முனையில் வெறும் 0.01 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். சாதாரண மீற்றரின் சொந்த வயர்களிலேயே அதைவிடப் பல மடங்கு தடை உண்டு. எனவே மீற்றரில் அது தெரியவே தெரியாது. ஆனால் ஸ்டார்ட்டர் 200 அம்பியர் இழுக்கும்போது அந்த இடத்தில் 2 வோல்ற் காணாமல் போகும். அதோடு 400 வாற் சூடு அந்த ஒரு போல்ற்றில் இறங்கும். சின்ன இஸ்திரிப் பெட்டி ஒன்று அளவு சூடு அது.

எனவே சுமை ஏறும்போதுதான் அளக்கவேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது, அல்லது லைற் எரியும்போது. மீற்றரை டிசி வோல்ற்றில் வையுங்கள்.

ஸ்டார்ட்டரின் ஏர்த்தை அளப்பது

எஞ்சின் பற்றாமல் சுற்ற மட்டும் வேண்டும். பழைய டீசல் எஞ்சினில் ஸ்டொப் கேபிளை இழுத்துப் பிடித்தால் போதும். கியர் நியூட்ரல், கைப்பிரேக் போட்டு, சில்லுக்குக் கல்லும் வையுங்கள். உதவிக்கு ஒருவர் தேவை. ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் மீற்றரைப் பார்க்கவேண்டும். ஒரு தடவையில் ஐந்து செக்கனுக்கு மேல் சுற்றாதீர்கள்.

மீற்றரின் கறுப்புக் கம்பியைப் பற்றரியின் மைனஸ் ஈயக் குமிழின் மேலேயே அழுத்துங்கள், குமிழைக் கவ்வும் கேபிள் கிளாம்பின் மேலல்ல. சிவப்பை எஞ்சின் புளொக்கில் பெயின்ற் இல்லாத இடத்தில் வையுங்கள். சுற்றும்போது 0.2, 0.3 வோல்ற் வந்தால் நல்லது. 0.5ஐத் தாண்டினால் வழியில் எங்கோ அடைப்பு.

எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் சுவையான வேலை. கறுப்புக் கம்பி அதே ஈயக் குமிழில் இருக்கட்டும். சிவப்பை மட்டும் படிப்படியாக நகர்த்துங்கள்: கிளாம்ப், கேபிளின் மறுமுனை லக், அது பூட்டிய போல்ற், பக்கத்தில் சுரண்டிய சேசி இரும்பு, எஞ்சின் பட்டியின் சேசிப் பக்கம், அதன் எஞ்சின் பக்கம், கடைசியில் புளொக். ஒவ்வோர் இடத்திலும் ஒருமுறை சுற்றவைத்து எண்ணை எழுதுங்கள். உதாரணத்துக்கு 0.03, 0.05, 0.06 என்று வந்துகொண்டிருந்துவிட்டு, திடீரென 0.9 என்று குதித்தால், குதித்த அந்த இரண்டு இடங்களுக்கு நடுவில்தான் கோளாறு. என் லொறியில் லக்குக்கும் சேசிக்கும் இடையில் குதித்தது. கழற்றிப் பார்த்தால், லக்குக்கு அடியில் முன்னைய சொந்தக்காரர் அடித்த பச்சைப் பெயின்ற் அப்படியே இருந்தது.

24 வோல்ற் லொறியில் இரண்டு பற்றரிகளையும் இணைக்கும் குறுக்குக் கேபிளையும் மறக்காதீர்கள். ஒரு பற்றரியின் பிளஸ் குமிழிலும் மற்றதன் மைனஸ் குமிழிலும் வைத்துச் சுற்றினால் அதன் இழப்பு தெரியும். அதேபோல் பிளஸ் பக்கமும்: பற்றரியின் கடைசி பிளஸ் குமிழிலிருந்து ஸ்டார்ட்டரின் பெரிய போல்ற் வரை. ஏர்த் பக்கம் சுத்தமென்று தெரிந்த பிறகே ஸ்டார்ட்டரைக் கழற்றுங்கள். நல்ல ஸ்டார்ட்டரைக் கழற்றிக் கொண்டுபோய்க் காசு கொடுத்துப் பூட்டிய கதை எனக்கும் உண்டு.

லைற்றுக்கும் முறை இதுதான். லைற் எரியும்போது பல்ப் ஹோல்டரின் ஏர்த் பக்கத்துக்கும் பற்றரி மைனஸுக்கும் இடையில் அளக்கவேண்டும். நீள வயர் அதற்குத்தான். 0.2ஐத் தாண்டினால் பாருங்கள். மீற்றர் இல்லாத இடத்தில், அதே வயரை லைற்றின் ஏர்த்திலிருந்து பற்றரி மைனஸுக்குத் தற்காலிகமாகப் பூட்டுங்கள். பளிச்சென்று எரிந்தால் விசாரணை முடிந்தது.

ஏர்த் இடத்தைத் திருத்துதல்

மைனஸைக் கழற்றியபின், ஏர்த் போல்ற்றை முழுவதும் வெளியே எடுங்கள். இறுகப் பிடித்திருந்தால் முதல் நாள் இரவே துரு எண்ணெய் விட்டு வையுங்கள். லக் உட்காரும் இடத்தில் பெயின்றையும் துருவையும் இரும்பு பளபளக்கும்வரை சுரண்டுங்கள். லக்கின் இரு முகங்களையும், போல்ற்றின் அடியையும், வாசரையும்கூட. துரு தின்று மெலிந்த இடமென்றால் அதோடு போராடாமல் பக்கத்தில் கெட்டியான சேசியில் புதிய துளை போடுங்கள். ஆனால் சேசியின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடக்கூடாது. பாரம் தாங்குவது அந்த விளிம்புகள். நிமிர்ந்த பக்கத் தகட்டின் நடுப்பகுதியில் போடுங்கள்.

அப்புறம் பல்லுள்ள வாசர், லக், போல்ற் என்று பூட்டி நன்றாக இறுக்குங்கள். இறுக்கிய பிறகுதான் மேலே வாசலினோ கிறீஸோ தாராளமாகப் பூசவேண்டும். இரும்பும் இரும்பும் தொட்டபின் பூசினால் அது மழையைத் தடுக்கும்.

எஞ்சின் பட்டி பச்சை பூத்து, இழைகள் தூளாக உதிர்ந்தால் மாற்றுங்கள். ஸ்டார்ட்டருக்குப் போகும் பிளஸ் கேபிள் எவ்வளவு தடிப்போ அவ்வளவு தடிப்பில் புதியது வாங்குங்கள். எவ்வளவு போகிறதோ அவ்வளவும் திரும்பி வரவேண்டும். எஞ்சின் அசையும் என்பதால் கேபிளைக் கொஞ்சம் தொய்வாக விடுங்கள். கபினுக்கும் ஒரு பட்டி உண்டா என்று பாருங்கள். சரிக்கும் கபினில் அது அடிக்கடி அறும்.

பின் லைற்றுகளுக்கு நான் செய்தது வேறு. பலகையையும் துருப்பிடித்த குறுக்குச் சட்டத்தையும் நம்பாமல், இடம் வலம் இரண்டு கூட்டிலிருந்தும் 2.5 சதுர மில்லிமீற்றர் கறுப்பு வயர் இழுத்து, சேசியின் நடுவில் ஒரே நல்ல போல்ற்றில் சேர்த்துவிட்டேன். அரை நாள் வேலை. மீன் தண்ணீர் சொட்டாத இடமாகப் பார்த்து வைத்தேன்.

பற்றரிக் குமிழ்களில் வெள்ளையும் நீலமுமாகப் பூத்திருந்தால் அப்பச்சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். நுரைத்துக் கழுவிக்கொண்டு போகும். பற்றரி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், அந்தத் தண்ணீர் உள்ளே போகக்கூடாது.

கனெக்டர்கள்

வன்னியில் கனெக்டருக்கு எதிரிகள் மூன்று: சிறுபோக வெயிலில் கிரவல் றோட்டுப் புழுதி, மாரியில் வெள்ளம், நெல் ஏற்றும் காலத்தில் எலி. புழுதி மட்டுமென்றால் பெரிய தீங்கில்லை. புழுதியின் மேல் ஈரம் பிடித்துச் சேறாகி உள்ளே இருந்தால்தான் செம்பு பச்சையாகிறது.

கனெக்டரைக் கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பூட்டு நாக்கை அழுத்தி, பிளாஸ்ரிக்கைப் பிடித்து அசைத்து எடுங்கள். பழைய பிளாஸ்ரிக் வெயிலில் காய்ந்து பிஸ்கற் மாதிரி உடையும். உள்ளே நிறத்தைப் பாருங்கள். பச்சை என்றால் ஈரம். பிளாஸ்ரிக் பழுப்பாகி உருகியிருந்தால் அது சூடு. அப்படியென்றால் பின் தளர்ந்திருக்கிறது, அல்லது அந்த வழியில் தாங்கும் அளவுக்கு மேல் கரண்ட் போகிறது. உருகியதைத் துடைத்துப் பூட்டுவதில் பயனில்லை. இரண்டு பக்கப் பின்னையும் சேர்த்து மாற்றுங்கள்.

பச்சை லேசாக இருந்தால் கொன்ராக்ற் கிளீனர் அடித்துச் சின்னப் பிரஷ்ஷால் தேயுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுபவர்கள் உண்டு. அதன் எண்ணெய்ப் பிசுக்கில் அடுத்த நாளே புழுதி ஒட்டும். வெள்ளீயப் பூச்சுள்ள பின்னை எமரித்தாளால் உரசினால் பூச்சுப் போய், முன்னையைவிட வேகமாகப் பச்சை பிடிக்கும்.

பலர் பார்க்காத இடம் ஒன்று உண்டு, துளையுள்ள பெண் பின்னின் பிடி. வருடக் கணக்கில் கழற்றிப் பூட்டி அதன் உதடுகள் விரிந்துபோயிருக்கும். பார்வைக்குச் சுத்தம், ஆனால் தொட்டும் தொடாமலும் இருக்கும். தனி ஆண் பின் ஒன்றை எடுத்து ஒவ்வொரு துளையிலும் செருகி இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் இறுகப் பிடிக்கவேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் சைக்கிள் கம்பியால் பின்னைக் கழற்றி, உதடுகளை மெல்ல நெருக்கிவிட்டுத் திரும்பச் செருகுங்கள். 'டிக்' என்று பூட்டும் சத்தம் கேட்கவேண்டும். குழியில் விழும்போது மட்டும் அணைந்து எரியும் லைற்றுக்கு அநேகமாக மருந்து இதுதான்.

சரிக்கும் கபினில், கபினிலிருந்து சேசிக்கு இறங்கும் வயர்க் கட்டு மடியும் இடத்தைத் தனியாகப் பாருங்கள். வெளியே தோல் நன்றாக இருக்க, உள்ளே செம்பு அறுந்திருக்கும். லைற்றைப் போட்டுவிட்டு அந்த இடத்தைக் கையால் வளையுங்கள், மினுங்கினால் அங்கேதான்.

வயர் ஒட்டுகள்

1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது இங்கே வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். கிடைத்த வயரைக் கிடைத்ததோடு முறுக்கி லொறியை ஓடவைத்த கைகளுக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தப் பழக்கம் இப்போதும் தொடர்கிறது. முறுக்கி ரேப் சுற்றிய ஒட்டில், சூட்டில் பசை இளகி ரேப் கழன்றுவிடும். உள்ளே மழை போகும்.

பழுதான ஒட்டை வெட்டி எறியுங்கள். செம்பு கறுத்திருந்தால் பளபளப்பு வரும்வரை பின்னுக்கு வெட்டிக்கொண்டே போங்கள். சுருங்கும் குழாயை முதலில் வயரில் கோர்த்துவிட்டு (இதை மறந்து திரும்பக் கழற்றாதவர் யாருமில்லை), கிரிம்ப் இணைப்பியில் இரு முனையையும் நெரித்து, இழுத்துப் பார்த்து, குழாயைச் சூடாக்கிச் சுருக்குங்கள். ஈயம் பிடிப்பதைப் பலர் உசத்தி என்பார்கள். மேசைமேல் இருக்கும் றேடியோவுக்குச் சரி. அதிரும் லொறியில் ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைக்கவைக்கும். அந்த விறைப்பு முடியும் இடத்தில் அது முறியும்.

வீட்டு வயரிங் வயரை லொறியில் போடாதீர்கள். அதன் தடித்த இழைகள் அதிர்வுக்கு ஒடியும். நுண்ணிழை வாகன வயர்தான் வேண்டும். பியூஸுக்குப் பதில் சிகரற் பெட்டி ஈயத்தாள் சுற்றியிருந்தால், அதை இன்றைக்கே எடுத்து, அந்த இடத்துக்குரிய அளவில் பியூஸ் போடுங்கள்.

பூட்டிய பிறகு

மைனஸைப் பூட்டி, முன்பு அளந்த அதே இடங்களில் திரும்ப அளங்கள். குதித்த எண் இறங்கியிருக்கவேண்டும். பொடியில் வெல்டிங் வேலை வந்தால் பற்றரி வயர்களையும் ஒல்ரனேற்றர் வயர்களையும் கழற்றச் சொல்லுங்கள். வெல்டிங் ஏர்த் கிளாம்பை வெல்ட் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கரண்ட் நீங்கள் புதிதாகப் போட்ட பட்டி வழியாகப் போகும்.

ஸ்டார்ட்டர் சுற்றும்போது எஞ்சின் புளொக்கில் வந்த எண்ணைச் சன் வைசரின் பின்னால் திகதியோடு எழுதி வையுங்கள். ஐப்பசி மழை தொடங்குமுன் ஒருமுறை, தை அறுவடைக்கு நெல் ஏற்றுமுன் ஒருமுறை அளந்து பக்கத்தில் எழுதுங்கள். என்னுடையதில் முதல் எண் 1.1. இப்போது 0.18இல் நிற்கிறது.